கட்டுவிரியன் பக்கம்

பள்ளிக்கூடத்துக்கு என்ன புத்தகம் வாங்கலாம் என்று கேட்டால் எல்லாரும் நீதிக்கதை என்பார்கள். எனக்கு நீதிக்கதை என்றாலே எரிச்சல். வயலையும் வாய்க்காலையும் மிதித்துக்கொண்டு வருகிற பிள்ளைகளுக்குச் சிங்கமும் முயலும் பேசிக்கொண்டது தெரிந்து என்ன ஆகப்போகிறது? தலைமையாசிரியரோடு மல்லுக்கட்டி, ஊர்வன பற்றிய வண்ணப் படப் புத்தகம் ஒன்றை வாங்க வைத்தேன். ஓணான், உடும்பு, ஆமை, சாரை, நல்ல பாம்பு எல்லாம் அதில் இருந்தன. எங்கள் கீழ்வேளூர்ப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு அவற்றை அடித்துக் கொல்ல மட்டும்தான் தெரியும்.

அந்தப் புத்தகத்தை விடாமல் வீட்டுக்கு வாங்கிப் போனவள் ஐந்தாம் வகுப்பு அனிட்டா. அவள் அப்பா ஆண்டனி குவைத்தில் டிரைவர். அம்மாவுக்கு அங்கேயே ஒரு வீட்டில் வேலை. அனிட்டாவும் ஒன்றாம் வகுப்புப் படிக்கும் தம்பி ஆல்பினும் அத்தை விண்ணரசியிடம் வளர்ந்தார்கள். ஆல்பினுக்கு நல்ல பாம்புப் படம் என்றால் நடுக்கம். அந்தப் பக்கம் வந்தால் அக்காக்காரி உள்ளங்கையால் படத்தை மூடிக்கொண்டு எழுத்தை மட்டும் வாசித்துக் காட்டுவாளாம். சாரையை அடிக்காதீர்கள், அதற்கு விஷம் கிடையாது என்று வீட்டில் ஓயாமல் அவள் பாடம் நடத்தியதில், அத்தை அவளுக்குப் 'பாம்பு டாக்டர்' என்று பேர் வைத்திருந்தாள்.

அந்த ஐப்பசியில் குறுவை அறுத்த கையோடு மழை பிடித்துக்கொண்டது. ஈர நெல்லை எடுக்க மாட்டோம் என்று கொள்முதல் நிலையத்தில் சொல்லிவிட்டார்கள். விண்ணரசி, குவைத் காசில் கட்டிய புது மாடி வீட்டு ஹாலில் பாதி நெல்லை ஃபேனுக்குக் கீழே பரப்பி, மீதியை மூட்டையாக அடுக்கினாள். நெல் இருக்கிற இடத்துக்கு எலி வரும், எலியைத் தேடி என்ன வரும் என்று எங்கள் ஊரில் யாருக்குத் தெரியாது? ஆனால் அது கூரை வீட்டுக்காரர்களின் கவலை என்று ஒரு நினைப்பு. டைல்ஸ் போட்ட வீட்டுக்குள் பாம்பு ஏறாது என்று ஆண்டனியே போனில் சொல்லியிருந்தான். பிள்ளைகள் இருவரும் மூட்டைக்குப் பக்கத்தில் பாய் விரித்துப் படுத்தார்கள்.

விடியும்போது ஆல்பின் வயிறு வலிக்கிறது என்று அழுதான். அத்தை ஓம வாட்டர் கொடுத்தாள். உடம்பில் காயமில்லை, வீக்கமில்லை. கொஞ்ச நேரத்தில் இமையைத் தூக்க முடியாமல் கண் சொருகியது. தூக்கம் வருகிறது, தூங்கட்டும் என்று விட்டுவிட்டாள். அனிட்டா புத்தகத்தை எடுத்து வந்து விரித்துக் காட்டினாள்.

"அத்தை, இது கட்டுவிரியன். கடிச்சா வலிக்காது, வயிறுதான் வலிக்கும்னு போட்டிருக்கு. கண்ணு தானா மூடிக்குமாம். ஆஸ்பத்திரிக்குப் போயிடலாம் அத்தை."

விடிந்ததும் விடியாததுமாக, உடம்பு முடியாத பிள்ளைக்குப் பக்கத்தில் நின்று அதன் பேரைச் சொல்கிறாயா என்று விண்ணரசி அவள் வாயிலேயே ஒன்று போட்டாள். அனிட்டா மறுபடியும் சொன்னாள். மறுபடியும் அடி. ஆல்பினுக்கு மூச்சு இழுக்கத் தொடங்கிய பிறகுதான் ஆட்டோவைக் கூப்பிட்டார்கள். நாகப்பட்டினம் ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில், சிக்கல் தாண்டுவதற்குள் பிள்ளை போய்விட்டான்.

அடக்கம் முடிந்து மூட்டைகளை நகர்த்தியபோது சுவரோரம் அது சுருண்டு கிடந்தது. கறுப்பு உடம்பில் வெள்ளை வெள்ளையாகக் கட்டு. அடித்துப் போட்டார்கள். நான் துக்கம் கேட்கப் போனபோது விண்ணரசி அழவில்லை.

"அச்சு அசலா படத்துல இருந்த மாதிரியே இருந்துச்சு டீச்சர். நீங்கதான் எங்க வீட்டுக்குள்ள அனுப்பிட்டீங்க. இவ பேரைச் சொல்லிக் கூப்பிட்டுட்டா."

வீடு நிறைய ஆட்கள். ஒருவர்கூட அப்படி இல்லை என்று சொல்லவில்லை. நெல், எலி, மழை என்று நான் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். படத்தை ஒழுங்காக வரைந்ததே குற்றமாகிவிட்ட இடத்தில் யார் காதில் ஏறும்? எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அவளை அறைந்திருப்பேன். அதற்குள் அவள் குனிந்து, சிதறிக் கிடந்த நெல்லைக் கூட்டத் தொடங்கினாள், நான் செருப்பை மாட்டிக்கொண்டு திரும்பி வந்துவிட்டேன். புத்தகத்தைக் கொல்லையில் போட்டு எரித்துவிட்டதாகப் பிறகு தெரிந்தது.

ஆண்டனி தாமதமாகத்தான் வந்து சேர்ந்தான். அம்மாக்காரியைக் குவைத்தில் அவள் வேலை பார்த்த வீட்டார் அனுப்பவில்லை. அவள் பாஸ்போர்ட் அவர்களிடம் இருந்தது.

அனிட்டா மறுபடி வகுப்புக்கு வந்தாள். எந்தப் புத்தகத்தையும் திறக்கவில்லை. இடைவேளையில் அவளைக் கூப்பிட்டு, பேரைச் சொன்னதால் எந்தப் பாம்பும் வராது, உன்மேல் ஒரு தப்பும் இல்லை என்றேன். அது தனக்குத் தெரியும் என்றாள். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"அப்பா கேட்டாங்க. உனக்குத்தான் தெரிஞ்சிருந்துச்சே, ஏன் சத்தமா சொல்லலன்னு கேட்டாங்க."

நான் வாயைத் திறப்பதற்குள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

"எவ்வளவு சத்தமா சொல்லணும் டீச்சர்?"