மறியலில் இருந்த மாப்பிள்ளை

என் மச்சான் லக்ஷன் கனடாவில் ஐஸ் ஹொக்கி விளையாடிச் சம்பளம் வாங்கியவன். "எத்தினை கோல் அடிச்சவர்?" என்று கேட்பவர்களைக் கண்டால் எனக்குப் பத்திக்கொண்டு வரும். அவன் கோல் அடிக்கப் போனவன் அல்ல. பின்னால் நின்று, வருகிறவனை மறிப்பதுதான் அவன் வேலை. பனித்தரையில் லொறி மாதிரி வருகிறவர்களுக்கு நெஞ்சைக் கொடுக்க வேண்டும். கல்லாக இறுகிய ரப்பர் வட்டு பறந்து வந்தால் காலைக் கொடுக்க வேண்டும். மூக்கு உடைந்தது, முன்பற்கள் போயின, முழங்காலில் கத்தி வைத்தார்கள். அப்படியும் பெரிய லீக்குக்கு ஒரு படி கீழே பத்து வருடத்துக்கு மேல் நின்று பிடித்தான். யாழ்ப்பாணத்தில், கொடிகாமம் சந்தையில் மரக்கறிக் கடையைத் திறந்துவைத்துவிட்டு, விடியற்காலையில் கைபேசியில் நான் பார்க்காத ஆட்டம் இல்லை. கத்தரிக்காய் வாங்க வந்தவர்கள் திட்டியிருக்கிறார்கள். திட்டட்டும்.

விளையாட்டை விட்ட கையோடு கல்யாணப் பேச்சு வந்தது. பெண் உதயகலா, கொடிகாமத்தில் ஆசிரியை. இருவரும் தொலைபேசியில் கதைத்துக் கதைத்து, கட்டினால் உங்களைத்தான் என்ற நிலைக்கு வந்துவிட்டார்கள். தகப்பன் தியாகராசா ஓம் என்றால் சரி. அவர் காலமெல்லாம் நீதிமன்றத்தில் வேலை செய்து ஓய்வுபெற்றவர். சிரிப்பதற்கும் பிணை கேட்கிற மனிதர்.

கனடாவிலிருந்து வந்திறங்கிய லக்ஷனோடும் அவன் தாய் குணலட்சுமி மாமியோடும் நானும் பெண் வீட்டுக்குப் போனேன். எல்லாம் நன்றாகத்தான் போனது, மாமி வாயைத் திறக்கும்வரை.

"என்ரை பிள்ளை சரியான சாது அண்ணை. விளையாட்டிலைதான் கொஞ்சம் முரடு. வருசம் வருசம் மறியலிலை இருந்த நேரம்தான் கூட."

தியாகராசா தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார். குசினிக்குள் பாத்திரச் சத்தம் நின்றுவிட்டது.

ஐஸ் ஹொக்கியில் தப்பாட்டம் ஆடியவனை ஓரத்துக் கண்ணாடிக் கூண்டுக்குள் சில நிமிடம் இருத்தி வைப்பார்கள். மாமி வீட்டில் அதற்குப் பெயர் மறியல். நீதிமன்றத்தில் உத்தியோகம் பார்த்தவருக்கோ மறியல் என்றால் சிறைச்சாலை, வேறொன்றும் இல்லை.

"குற்றம் என்ன?" என்று கேட்டார்.

"அடிபாடுதான்," என்றார் மாமி, இன்னும் விளங்காமல்.

"மறியலுக்குப் போனவருக்கு என்ரை பிள்ளையைக் குடுக்கேலாது. குறை நினைக்காதேங்கோ, எழும்புங்கோ."

எனக்கு வந்த கோபத்தில் கைபேசியை அவர் முன்னால் நீட்டினேன். "இதுதான் ஐயா எங்கடை மறியல். பாத்துட்டுச் சொல்லுங்கோ!" அவசரத்தில் வந்ததோ அவனுடைய பெரிய சண்டை. என் புத்தியை என்ன சொல்ல! ஒரு பெடியன் விழுகிறான். லக்ஷன் கையுறைகளைக் கழற்றி வீசிவிட்டு இன்னொருவனை அடிக்கிறான். வாயில் இரத்தத்தோடு கூண்டுக்குள் போய் இருக்கிறான்.

தியாகராசா லக்ஷன் பக்கம் திரும்பினார். "ஏன் தம்பி அடிச்சனீர்?"

"விழுந்தவன் எங்கடை டீம், அங்கிள். சின்னப் பெடியன். மற்றவன் பின்னாலை வந்து இவன்ரை தலையைச் சுவரோடை அடிச்சவன். இனி ஒருத்தரும் அவனைத் தொடக்கூடாது எண்டுதான்..."

"பெடியன் உமக்கு என்ன முறை?"

"ஒரு முறையுமில்லை. பக்கத்திலை நிண்டு விளையாடுறவன்."

"அதாலை உமக்கு என்ன கிடைச்சது?"

லக்ஷன் வலது கையை விரித்துப் பார்த்தான். "கை எலும்பு உடைஞ்சது. அடுத்த கிழமை பெரிய லீக்குக்கு வரச்சொல்லி இருந்தவை. என்ரை இடத்துக்கு வேறை ஆள் போனார். பிறகு கூப்பிடேல்லை."

மாமி மகனையே பார்த்தபடி இருந்தார். கை உடைந்தது எங்களுக்குத் தெரியும். பெரிய லீக்கில் கூப்பிட்டிருந்த கதையை அவன் ஒருவருக்கும் சொல்லவில்லை. அவனுடைய மச்சான் என்று சொல்ல எனக்கு அப்போதுபோல என்றுமே பெருமையாக இருந்ததில்லை. அழுகையும் வந்தது.

"இண்டைக்கெண்டாலும் அடிப்பீரோ?"

"ஓம்," என்றான் லக்ஷன், யோசிக்காமலே.

சம்பந்தம் அத்தோடு முறிந்தது என்றுதான் நினைத்தேன். உதயகலா வாசலில் வந்து நின்றாள். முகம் வெளுத்திருந்தது.

தியாகராசா கைபேசியை மறுபடி வாங்கினார். மூக்குக் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, பெடியன் விழுகிற இடத்திலிருந்து இன்னொருமுறை பார்த்தார்.

"இந்தப் பெடியன்ரை தாய்க்கு உம்மைத் தெரியுமோ?"

"தெரியும் அங்கிள். ஒவ்வொரு கிறிஸ்மஸுக்கும் கேக் அனுப்புவா."

தியாகராசா கைபேசியை என்னிடம் தந்துவிட்டு மகளைப் பார்த்தார்.

"பிள்ளை, கல்யாணக் காட் அடிக்கேக்கை அந்தத் தாய்க்கும் ஒண்டு அனுப்பவேணும்."