அதிர்ஷ்டக் கண்

மலாயாவில், சிகாமட் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் லெட்சுமணனை மிஞ்சிய பெருமைக்காரன் கிடையாது. எல்லாம் அவனுடைய ஐந்து வயது மகள் செல்வராணியின் இடது கண்ணால் வந்த பெருமை. வலது கண் நேராகப் பார்க்கும். இடது கண் மூக்குப் பக்கம் ஒதுங்கி நிற்கும். மாறுகண் பெண் பிறந்தால் வீட்டுக்கு அதிர்ஷ்டம் என்று தொழிலாளர் லயத்தில் எல்லோரும் சொல்வார்கள். ரப்பர் விலை விழுந்து, பாதிப் பேரைக் கப்பலேற்றி இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பிய வருஷம், பட்டியலில் லெட்சுமணன் பெயர் இல்லை. அது போதாதா? கங்காணியின் தயவும் தன் உழைப்பும் அவனுக்குக் காரணமாகத் தோன்றவே இல்லை. எல்லாம் அந்தக் கண் செய்த வேலை!

அம்மை குத்த லயத்துக்கு வந்த, தோட்டத்து ஆஸ்பத்திரியில் வைத்தியம் பார்க்கும் டிரெஸ்ஸர் தங்கராஜு, பிள்ளையின் வலது கண்ணைக் கையால் மூடி, விரல்களைக் காட்டி எண்ணச் சொன்னார். அவளால் முடியவில்லை.

"கண்ணுல கோளாறு இல்ல லெட்சுமணா. கண்ணுல இருந்து மூளைக்கு ஒரு பாதை போவுது. ஆள் நடக்கலன்னா காட்டுப் பாதையை லாலாங் புல்லு மூடிடும்ல? இவ வலது கண்ணாலயே பாத்துக்கிட்டிருக்கா, இடது கண்ணுப் பாதை மூடிக்கிட்டு வருது. நல்ல கண்ணைக் கட்டிவச்சு, அந்தக் கண்ணைப் பாக்க விடணும். இன்னும் ரெண்டு மூணு வருஷம் போனா, யார் என்ன செஞ்சாலும் தொறக்காது."

மனைவி அங்கம்மா அன்றைக்கே கறுப்புத் துணியில் கண்கட்டு தைத்துவிட்டாள். லெட்சுமணனுக்கோ வேறு கவலை. கண் நேராகிவிட்டால் அதிர்ஷ்டம் என்ன ஆவது? அடுத்த கப்பலில் யார் பெயர் இருக்கும்? அங்கம்மா விடியலில் கட்டிவிடுவாள். இவன் வேலைக்குப் போகிறவர்களின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக் கொட்டகையில் அவளை விடும்போது அவிழ்த்து மடியில் செருகிக்கொள்வான், மத்தியானம் வேலை முடிந்ததும் திரும்பக் கட்டிக் கூட்டி வருவான். கெட்ட தகப்பன் இல்லை, பாவம். பயந்தாங்கொள்ளி.

இரண்டு வாரம் இப்படி ஓடியது. ஒரு நாள் காலைப் பெரட்டுக்கு நேரமாகிவிட, பேர் கூப்பிடுவதற்குள் போய் நிற்கும் அவசரத்தில் கட்டை அவிழ்க்க மறந்துவிட்டான்.

மத்தியானம் ரப்பர் பாலை நிறுத்துக் கொடுத்துவிட்டு, பக்கத்து வீட்டு ராமுவோடு கொட்டகைக்கு வந்தான். தினமும் ஓடிவந்து மேலே தாவுகிற பிள்ளை அன்று கண்கட்டோடு வாசலில் தயங்கி நின்றது. லெட்சுமணன் பேசாமல் கையை விரித்தான். செல்வராணி காற்றைத் துழாவிக்கொண்டு வந்தாள். அவனைத் தாண்டிப் போய் ராமுவின் முழங்காலைக் கட்டிக்கொண்டாள்.

"அப்பா!"

"அலமாக்! உன் மக என்னைய அப்பாவாக்கிட்டா லா!" என்று ராமு சிரித்தான்.

லெட்சுமணனுக்குச் சிரிப்பு வரவில்லை. ஊரெல்லாம் காட்டிப் பீற்றிக்கொண்ட அந்தக் கண் ஒரு நாளும் அவன் முகத்தைச் சரியாகப் பார்த்ததில்லை.

அன்றிரவே அங்கம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லி நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டான். வேலை போனால் போகட்டும் என்று மறுநாளிலிருந்து அவனே கட்டிவிட்டான். பிள்ளை அழுதது, தடுக்கி விழுந்தது, கட்டைப் பிய்த்து எறிந்தது. சாயங்காலங்களில் ரப்பர் விதைகளைத் தரையில் இறைத்து, அவளோடு உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கவைத்தான். ஏழு மாதம் போயிற்று.

அன்றும் மத்தியானம். பால்கறைச் சட்டையோடு நாலு பேர் கொட்டகை வாசலில் நின்றார்கள். லெட்சுமணன் வாயைத் திறக்கவில்லை. வலது கண்ணில் கட்டோடு வந்த செல்வராணி, ராமுவைத் தாண்டினாள். மற்ற இருவரையும் தாண்டினாள். இவன் முன்னால் நின்று அண்ணாந்து பார்த்தாள்.

"அப்பா, உங்க காதுல பால் ஒட்டிக்கிட்டிருக்கு."

தொட்டுப் பார்த்தான். காது மடலில் காய்ந்த பால், நூல் அளவுக்கு. அவளைத் தூக்கிக்கொண்டு நேரே ஆஸ்பத்திரிக்கு நடந்தான்.

தங்கராஜு சோதித்துவிட்டுச் சிரித்தார். "பார்வை வந்துடுச்சு. ஆனா கண்ணு கொஞ்சம் சாஞ்சேதான் இருக்கும். உன் அதிர்ஷ்டம் எங்கயும் போகல, பயப்படாத."

லெட்சுமணன் கையெடுத்துக் கும்பிட்டான். கண்ணீர் தாரையாக வழிந்தது.

"அது நேரா நின்னா என்ன, சாஞ்சு நின்னா என்னங்கய்யா. இத்தனை வருஷமா நான்தான் அதைப் பாத்துக்கிட்டிருந்தேன். உங்க புண்ணியத்துல, இன்னிக்கு அது என்னையப் பாத்துடுச்சு."