வண்டு என்று ஒரு பெயர்

ஆதிரையின் தொழில் சத்தத்தைக் கொல்வது. ஜெர்மனியில் ஹம் என்ற ஊரில் பிறந்து வளர்ந்து, படித்து முடித்து, பிறேமன் நகரத்தில் விமானப் பாகங்கள் செய்யும் ஒரு கொம்பனியில் சேர்ந்த நாளிலிருந்து இதே வேலைதான். விமானம் தரையிறங்கும்போது இறக்கை போடும் கூச்சலைக் குறைக்க வேண்டும். விமான நிலையத்துக்கு அயலில் குடியிருக்கும் சனம் கொஞ்சம் கண்ணயர வேண்டும். அவளுடைய அம்மா கலாதேவிக்கு இந்த நுணுக்கமெல்லாம் வேண்டாம். ஹம்முக்குப் பக்கத்து ஊன்ட்றொப் அம்மன் கோயில் திருவிழாவில் "மகள் பிளேன் செய்யிறா" என்று கேட்டவர்களுக்கும் சொல்லுவாள், கேட்காதவர்களுக்கும் சொல்லுவாள்.

வெண்ணெய் திரண்டு வரும் நேரம் தாழி உடைந்தது. ஆதிரையின் சத்தமில்லாத இறக்கை பரிசோதனையில் தேறிய அதே வருஷம், இறக்கைப் பிரிவு முழுவதையும் ஓசூருக்கு மாற்றிவிட்டார்கள். அங்கே செய்தால் மலிவாம். வேலை தமிழ்நாட்டுக்குப் போய்விட்டது, தமிழச்சி மட்டும் ஜெர்மனியில் மிஞ்சினாள். தான் பெற்ற பிள்ளையைத் தானே குளிப்பாட்டி அடுத்த வீட்டுக்கு அனுப்புகிற மாதிரி, ஓசூர்க்காரர்களுக்குத் திரையில் எல்லாவற்றையும் அவளே விளக்கிக் கொடுத்தாள். அவர்கள் நல்ல பிள்ளைகள். அவளுடைய தமிழைக் கேட்டுச் சிரித்தார்கள், அவ்வளவுதான்.

பிறகு காற்று மாறி அடித்தது. உலகமே ஒரு சந்தை என்று இத்தனை காலம் பாடிய அதே வாய்கள், நாடு தன் சொந்தக் கண்ணால் பார்க்க வேண்டும், அமெரிக்காக்காரனின் கண்ணை இரவல் வாங்கக்கூடாது என்று பாடத் தொடங்கின. பெர்லினிலிருந்து உத்தரவு வந்தது. இறக்கைகள் கிடந்த வெறும் மண்டபத்தில் ஆளில்லாத உளவு விமானம் ஒன்று உருவானது. அதன் விசிறிச் சத்தத்தை அடக்கும் பொறுப்பு ஆதிரைக்கு. இது சுடாது, பார்க்கத்தானே போகிறது என்று அவள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். மனம் சமாதானம் கேட்டால் மூளை எதையாவது எடுத்துக் கொடுக்காமலா விடும்?

அவளுடைய உண்மையான ஏக்கம் வேலையில் இல்லை, வீட்டில் இருந்தது. கணவன் தபோதரன் பிறேமனில் ட்ராம் ஓட்டுகிறவன். வன்னியில் பிறந்து, கடைசிச் சண்டைக்குள் அகப்பட்டு, தப்பி வந்தவன். சிரிக்கச் சிரிக்கப் பேசுவான். ட்ராமில் ஏறும் கிழவிகளைப்போலவே பேசிக் காட்டுவான். ஆனால் அந்தக் கடைசி வருஷத்தைப் பற்றிக் கேட்டால் எழுந்து போய்த் தேத்தண்ணிக்குத் தண்ணீர் வைப்பான். கல்யாணம் கட்டி எட்டு வருஷத்தில் எத்தனை கோப்பை தேத்தண்ணி குடித்திருப்பாளோ, ஒரு சொல் கிடைக்கவில்லை. அவனுக்குத் தங்கச்சி ஒருத்தி இருந்தாள், அவளுக்குப் பெயர் சுபானி என்பதுகூட அவனுடைய அம்மா சொல்லித்தான் தெரியும். தூரத்தில் இருப்பவனுக்காக ஏங்கினால் ஊர் இரங்கும். பக்கத்தில் படுத்திருப்பவனுக்காக ஏங்கினாள் ஆதிரை, அதை யாரிடம் சொல்ல?

அந்த நேரத்தில்தான் புது விமானத்துக்கு ஒரு பெயர் சொல்லும்படி கொம்பனி எல்லோரையும் கேட்டது. ஜெர்மன்காரர்கள் பருந்து, ஆந்தை என்று பறவைகளாகவே சொன்னார்கள். அதெல்லாம் ஏற்கனவே யாரோ வைத்து முடித்த பெயர்கள். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் 'வ' எழுத்துக்குக் காட்டிய படம் ஆதிரைக்கு நினைவு வந்தது. வண்டு என்று கொடுத்தாள். மேலாளர் பிறிங்மனுக்கு அது உடனே பிடித்துவிட்டது. சின்னப் பெயர், வாயில் இலகுவாக வருகிறது, உலகத்தில் யாரும் வைக்கவில்லை என்றார். விமானத்தின் உடம்பில் நீல எழுத்தில் எழுதியும்விட்டார்கள்.

அன்று பின்னேரம் அவள் கால் நிலத்தில் படாமல்தான் வீட்டுக்கு வந்தாள். ஜெர்மன் விமானத்தில் ஒரு தமிழ்ச் சொல். இதைக் கேட்டாவது மனுசன் வாய் திறப்பான், தன்னுடைய உலகமும் அவனுடைய உலகமும் ஓரிடத்தில் முட்டும் என்று பெரிய ஆசை. தபோதரன் குசினியில் அரிசி கழுவிக்கொண்டு நின்றான். அவள் ஒரே மூச்சில் சொல்லி முடித்தாள்.

"என்ன பேர் வைச்சனீர்?" என்று கேட்டான்.

"வண்டு. வடிவான பேர்தானே?"

அவன் பைப்பை மூடினான். "நாங்களும் அதுக்கு அந்தப் பேர்தான் வைச்சனாங்கள்" என்றான்.

அவளுக்கு முதலில் விளங்கவில்லை. அறப்படித்த பல்லி கூழ்ப்பானைக்குள் விழுந்த கதை அவளுடையது. வன்னியில் பிறந்த குழந்தைப் பிள்ளைக்கும் தெரிந்த ஒன்று ஹம்மில் பிறந்த பொறியியலாளருக்குத் தெரிந்திருக்கவில்லை. அவன் நின்ற நிலையிலேயே சொன்னான். முதலில் ஆமிக்காரரின் ஆளில்லாத விமானம் வந்து மேலே இரைந்துகொண்டு சுற்றுமாம். எங்கே சனம், எங்கே கூடாரம் என்று பார்க்குமாம். கொஞ்ச நேரத்தில் ஷெல் வருமாம். வண்டு வந்திட்டுது என்று சொன்னால் அடுப்பில் இருப்பதை அப்படியே விட்டுவிட்டுப் பங்கர்க் குழிக்குள் ஓடுவார்களாம். ஒருநாள் சுபானி தண்ணீர் எடுக்கப் போயிருந்தாள். அவள் ஓடி வந்துகொண்டிருந்ததைத் தான் பங்கர் வாசலில் நின்று கண்டதாகச் சொன்னான். பிறகு திரும்பிப் பைப்பைத் திறந்து, கழுவின அரிசியையே மறுபடி கழுவினான்.

எட்டு வருஷமாகக் கேட்டது கிடைத்துவிட்டது. கிணறு வெட்டப் பூதம் புறப்பட்டாலும் அது அவள் வெட்டிய கிணறு. அவனைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதாள்.

மறுநாள் பிறிங்மனிடம் போய் உள்ளதைச் சொன்னாள். அந்த மனிதர் நல்லவர். முகம் சிவந்துபோய், ஒரு கேள்வியும் கேட்காமல் பெயரை அழிக்கச் சொன்னார். விமானத்துக்கு இலக்கம் மட்டும் மிஞ்சியது. வேலையை விடப்போகிறேன் என்று வீட்டில் சொன்னபோது தபோதரன்தான் மறித்தான். அவள் விட்டால் இன்னொருவர் செய்வார், நாடு நிற்கப்போவதில்லை என்றான். பிறகு, அவள் கேளாமலே, கொம்பனியின் குடும்ப நாளுக்குத் தானும் வாறன் என்றான். இதுவரை அவளுடைய வேலைத்தளத்தின் கேற் வாசலைக்கூட மிதிக்காதவன். ஆதிரைக்கு நெஞ்சு நிறைந்துபோயிற்று. பட்டதெல்லாம் இதற்காகத்தான் என்றுகூட நினைத்தாள்.

குடும்ப நாளில் நல்ல வெயில். புல்வெளியில் பிள்ளைகள் ஓடித் திரிந்தார்கள், ஒரு பக்கம் இறைச்சி வாட்டினார்கள், பாதுகாப்பு அமைச்சிலிருந்து வந்த இரண்டு பேர் கறுப்புக் கண்ணாடியுடன் முன்வரிசையில் இருந்தார்கள். விமானம் தூரத்து ஓடுபாதையில் எழும்பி ஒரு சுற்றுச் சுற்றி அவர்கள் பக்கம் வந்தது. எல்லோரும் அண்ணாந்தார்கள். தபோதரனும் அண்ணாந்தான். ஆதிரை விமானத்தைப் பார்க்கவில்லை, அவனுடைய கையைப் பிடித்துக்கொண்டு அவனுடைய முகத்தைப் பார்த்தாள்.

"இப்ப எங்க நிக்குது?" என்று கேட்டான். வெயிலில் அவனுக்குக் கண் கூசியது.

"எங்களுக்கு நேர மேல."

"எனக்கு ஒண்டும் கேக்கேல்லை."

"கேக்காது" என்றாள். "அதுதானே என்ர வேலை." சொல்லும்போது குரலில் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

அவன் கையை விடவில்லை. கோபமும் இல்லை. ட்ராமில் அடுத்த தரிப்பிடம் சொல்வதுபோல மெதுவாகச் சொன்னான்: "எங்கட வண்டு கத்தும், ஆதிரை. அது கத்தினபடியாலதான் நான் ஓடினனான். அதாலதான் இப்ப உமக்குப் பக்கத்தில நிக்கிறன்."

முன்வரிசையில் யாரோ கை தட்ட, மற்றவர்களும் தட்டினார்கள். அது ஓயட்டும் என்று ஆதிரை காத்திருந்தாள். ஓய்ந்ததும் கண்ணை மூடிக்கொண்டு காதைத் தீட்டினாள். ஒரு சின்ன இரைச்சல், கிட்ட நிற்கும் ஒருத்திக்காவது கேட்கிற அளவுக்கு ஒன்று வேண்டும் என்று தன் உயிர் முழுவதையும் காதில் வைத்து ஏங்கினாள். புல்வெளியில் பிள்ளைகள் சிரிப்பது கேட்டது. மேலே ஒரு சத்தமும் இல்லை.