கைரியா குடித்த மருந்து

1

இந்தக் கதை என் தங்கை கைரியா குடித்த ஒரு வாய்த் தண்ணீரில் தொடங்கியது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அவள் நன்றாக இருக்கிறாள். வாசகரைப் பதற வைத்து இழுத்துப் போவதுதான் எழுதுகிறவனின் பிழைப்பு. ஆனால் அந்த வெள்ளிக்கிழமை நான் பட்ட பதற்றம் எனக்கே போதும், உங்களுக்கு வேண்டாம்.

2

முதல் தொடக்கம்: "மனிதன் மூப்பை வெல்ல நினைத்த நாள்முதல்…"

அடித்துவிட்டேன். பரிசளிப்பு விழாவில் பிரதம அதிதி பேசுவது போல் இருக்கிறது.

இரண்டாம் தொடக்கம்: "கெலிஓயாவில் துணிக்கடை வைத்திருக்கும் ஹில்மிக்குச் சாவு பற்றிய…"

இதையும் பாதியில் விட்டேன். ஹில்மி என் மச்சான், கைரியாவின் கணவர். வயது ஐம்பத்தொன்பது. போன வருடம் கடைப் படியில் மூச்சு வாங்கி உட்கார்ந்தவரைச் சோதித்து, இதயம் பலவீனம் என்றார்கள். அவரைப் பெற்ற வாப்பா அறுபது வயதிலேயே இறந்துபோனவர். பிந்திப் பிறந்த மகள் நப்லாவுக்கோ இப்போதுதான் பதினொரு வயது. இந்த மனிதர் பயப்படாமல் வேறு யார் பயப்படுவது?

அந்தப் பயத்துக்கு மருந்தாகத்தான் துபாயிலிருக்கும் அவருடைய தம்பி இப்திகார் நான்கு சின்னக் குப்பிகளை அனுப்பிவைத்தான்.

3

[இங்கே கொஞ்சம் விஞ்ஞானம். அவசரக்காரர்கள் தாண்டிப் போகலாம். பிறகு என்னிடம் வந்து விளக்கம் கேட்கக் கூடாது.]

உடம்பின் கலங்கள் என்கிற செல்களுக்குள் இழைமணி, அதாவது மைட்டோகாண்ட்ரியா, என்று ஒன்று இருப்பதாகப் பாடசாலையில் படித்திருப்பீர்கள். சாப்பாட்டைச் சக்தியாக்குவது அதன் வேலை. வயது ஏற ஏற அதுவும் களைத்துப்போகிறது. பெப்டைட் என்னும் குட்டிப் புரதத் துண்டுகளைக் கொடுத்து அதை மறுபடி தெம்பாக்க முடியுமா என்று ஆராய்ந்துகொண்டிருக்கிறார்கள். ஆராய்ச்சி முடிவதற்குள் ஒரு கூட்டம் இணையத்தில் கடை விரித்துவிட்டது. பிள்ளை பிறக்கும் முன்பே பெயர் வைத்த கதைதான்.

குப்பிக்குள் வெள்ளைத் தூள். அதைக் கரைத்து வயிற்றுத் தோலுக்கடியில் ஊசி போட வேண்டும். ஊசிக்கென்றே கிருமி நீக்கிய தண்ணீர் இருக்கிறது. பார்சலில் அது வரவில்லை.

"சுத்தமான தண்ணியில கரைங்க நானா, வேற ஒண்டும் தேவல்ல" என்று அண்ணனிடம் சொன்னான் இப்திகார் போனில்.

ஹில்மி யோசித்தார். மக்காவுக்கு உம்றா போனபோது கொண்டுவந்த ஸம்ஸம் புனித நீர்க் கேன் அலுமாரியில் இருந்தது. உலகத்தில் அதைவிடச் சுத்தமான தண்ணீர் ஏது?

(சிரிக்காதீர்கள். பக்தியும் பயமும் ஒன்றாக வந்து பிடித்தால் நானும் அதைத்தான் செய்திருப்பேன்.)

4

கரைத்த குப்பியைப் பிரிட்ஜில் வைத்துவிட்டு, "ஜும்ஆ முடிஞ்சி வந்து குத்திக்கொள்றேன்" என்று என்னையும் கூட்டிக்கொண்டு வெள்ளிக்கிழமைத் தொழுகைக்குப் பள்ளிவாசல் போனார். திரும்பி வந்தபோது கைரியா வெறும் குப்பியை நீட்டினாள்.

"ஸம்ஸம் தானே என்டு குடிச்சிட்டேன். கிப்லாப் பக்கம் திரும்பி நின்டு, பிஸ்மி சொல்லித்தான் குடிச்ச."

"யா அல்லாஹ்! அதுல மருந்து ஈக்கி கைரியா!"

ஹில்மி கத்திக்கொண்டே வாசலுக்கும் பிரிட்ஜுக்குமாக ஓடினார். வான் சாவியைக்கூட நான்தான் அவர் பையிலிருந்து எடுத்தேன்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் சிந்துஜா, நாவலப்பிட்டி ஊர்ப் பிள்ளை, கைரியாவை மாலை வரை கட்டிலிலேயே வைத்திருந்து இரண்டு தடவை இரத்தம் எடுத்துப் பார்த்தார். பிறகு வராந்தாவுக்கு வந்தார்.

"ஒன்னும் இல்லைங்க, பயப்படாதீங்க. புரதந்தானே, வயித்துக்குள்ள போனா முட்ட செரிக்கிற மாதிரி செரிச்சிரும். தூள்ல வேற என்ன கலந்திருக்கோன்னுதான் இவ்வளவு நேரம் பாத்தோம்." பிறகு ஹில்மியின் பக்கம் திரும்பினார். "குடிக்கிற தண்ணி குடிக்கத்தாங்க. அத ஊசியில ஏத்தியிருந்தீங்கன்னா கிருமி நேரா ஒடம்புக்குள்ள போயிருக்கும். ஒங்க இதயம் தாங்கியிருக்காது."

ஹில்மி அங்கேயே கதிரையில் உட்கார்ந்து அழுதார். என் நெஞ்சிலிருந்து ஒரு மூட்டை இறங்கியது. வரும் வழியில் வானை நிறுத்தி மூவரும் பிளேன்டீ குடித்தோம். அவ்வளவு ருசியான தேத்தண்ணீரை அதற்கு முன் நான் குடித்ததில்லை.

5

கதை இங்கே முடிந்தது என்றுதான் நினைத்தேன். ஆனால் கைரியா என்ற பாத்திரம் ஒட்டவில்லை. இருபத்திரண்டு வருடமாக விஞ்ஞானம் படிப்பிக்கும் ஆசிரியை, ஊசி மருந்துக் குப்பியின் ரப்பர் மூடியைக் கத்தியால் நெம்பித் திறந்துவிட்டு, வெறும் தண்ணீர் என்று நினைத்தேன் என்பாளா? எழுதிய எனக்கே நம்பிக்கை வரவில்லை.

பிரதியை அவளிடமே கொடுத்தேன். விடைத்தாள் திருத்தும் சிவப்புப் பேனாவோடு உட்கார்ந்தாள். டாக்டர் சொன்ன 'செரிச்சிரும்' என்பதை வெட்டி, மேலே 'சமிபாடடையும்' என்று எழுதினாள். (வாசகரே, டாக்டரின் பேச்சை நான் மாற்றவில்லை.) பிறகு பேனாவை மூடினாள்.

"நானா, நான் தெரிஞ்சிதான் குடிச்ச."

"என்ன சொல்றாய்?"

"மூணு நாளா இவருக்கிட்ட ஊசி வேணாம் என்டு சொன்ன, கேக்கல்ல. ஒளிச்சி வெச்சா இன்னொண்டக் கரைப்பார், நான் குடிச்சாத்தான் பயந்து நிப்பாட்டுவார். கீழ ஊத்தவும் ஏலா, ஸம்ஸத்த யாராவது சிங்க்ல ஊத்துவாங்களா? வயித்துக்குள்ள போனா புரதம் என்ன ஆகும் என்டு பிள்ளைகளுக்குப் படிச்சிக் குடுக்கிறதே நான்தானே."

"பயமா இருக்கல்லையா?"

"பயந்துதான் குடிச்ச. தூள்ல என்ன ஈக்கோ, யாருக்குத் தெரியும்? ஆனா இவர் இல்லாத வீட்ட நெனச்சா அதவிடப் பயம் நானா."

இப்படிப்பட்டவளை நான்கு பக்கத்துக்கு ஒன்றும் தெரியாத அப்பாவியாக எழுதி வைத்திருந்தேனே என்று வெட்கமாக இருந்தது. இவள் என் தங்கை என்று பெருமையாகவும் இருந்தது.

6

முடிவுகளைப் பார்ப்போம்.

ஹில்மி மனம் திருந்தி, தவணை தவறவிட்டிருந்த கிளினிக்குக்குப் போகிறார். இது உண்மையாகவே நடந்தது. போன செவ்வாய்க்கிழமை நப்லா நம்பர் துண்டைப் பிடித்துக்கொண்டு வாப்பாவோடு வரிசையில் உட்கார்ந்திருந்தாள். புது மாத்திரையில் மச்சானுக்கு மூச்சு வாங்குவது குறைந்திருக்கிறது, அல்ஹம்துலில்லாஹ்.

ஹில்மி மீதி மூன்று குப்பிகளையும் தூக்கி எறிகிறார். இது நடக்க…

நடக்கவில்லை. பிரிட்ஜ் கதவில் இன்னும் இருக்கின்றன. "சரியான தண்ணி வந்தாப் பாப்போம்" என்கிறார்.

அதைக் கேட்டுக் கைரியா சிரித்துவிட்டு என் காதோடு சொன்னது: "எந்தத் தண்ணியில கரைச்சாலும் நான் குடிப்பேன்."

7

வாசகரே, முடிவை உங்களிடம் தருவதாகத்தான் இருந்தேன். மன்னிக்க வேண்டும், அது ஒரே ஒருவருக்குரியது.

மச்சான், நீங்கள் கதை வாசிக்கிற ஆள் இல்லை. ஆனால் உங்கள் பெயர் அச்சில் வந்திருக்கிறது என்று கடையில் நாலு பேர் சொன்னால் வாசிப்பீர்கள். அதனால்தான் பெயரை மாற்றவில்லை. அவளிடம் கோபிக்காதீர்கள். நீங்கள் நப்லாவுக்காக ஊசியைத் தேடினீர்கள், அவள் உங்களுக்காகக் குப்பியைத் திறந்தாள். இந்த உண்மையை ஒளித்து வைத்திருந்தது எனக்குப் பாரமாக இருந்தது. சொல்லிவிட்டேன், நெஞ்சு லேசாகிவிட்டது.

அந்த மூன்று குப்பிகளும் உங்கள் வீட்டுப் பிரிட்ஜில்தான் இருக்கின்றன. எழும்பிப் போங்கள்.