மூன்று கட்டங்களில் ஒன்பது பேர்

1

இந்தக் கதையை நான் தேடிப் போகவில்லை. மலைமேல் செம்மேட்டில் என்னிடம் படித்த கோகிலா, நாமக்கல் நர்சிங் கல்லூரியின் விடுதிப் படிவத்தை நிரப்பித் தரச் சொல்லிக் கொண்டுவந்தாள். நான் டீச்சர் மட்டுமா, எழுத்தாளர் வேறு. (அச்சில் வந்தவை இரண்டு. ஒன்றில் என் பெயரைத் தப்பாகப் போட்டிருந்தார்கள்.) படிவத்தை விட்டுவிட்டுக் கதையைப் பிடித்துக்கொண்டேன்.

'தாய் தந்தையற்ற கோகிலா தன்னந்தனியாக மலையிறங்கி…'

அடித்துவிட்டேன். தனியாக எங்கே? பின்னாலேயே ஒன்பது பேர் நின்றார்கள்.

2

ஆறு வயதில் பெற்றோரை இழந்தவள். வாசலூர்பட்டியில் மாமா, பெரியம்மா, சித்தப்பா என்று ஐந்து வீட்டார் கூடிப் பேசி, வருடத்துக்கு ஒரு வீடாக அவளை வளர்த்தார்கள்.

(இதை 'அலைக்கழிக்கப்பட்ட பால்யம்' என்று எழுதி அவளிடமே படித்துக் காட்டினேன். "அஞ்சு ஊட்லயும் எனக்குத் தட்டு இருக்குதுங்க டீச்சர்" என்றாள். அதையும் அடித்தேன்.)

3

படிவத்தில் 'பார்க்க வரும் உறவினர்' என்று படம் ஒட்ட மூன்று கட்டங்கள். படம் ஒட்டாதவர்களை வாசலோடு அனுப்பிவிடுவார்கள். வெள்ளிக்கிழமைக்குள் கொடுக்காவிட்டால் விடுதி இடம் வேறு பெண்ணுக்கு. விடுதி இல்லையென்றால் படிப்பும் இல்லை.

"மூணு பேர்தான்" என்றேன். கோகிலாவோடு வந்திருந்த வீட்டார் படிவத்தை வாங்கிக்கொண்டு போனார்கள்.

மறுநாள் ஐந்து வீட்டுப் பெரியவர்கள் ஒன்பது பேரும் ஸ்டூடியோவில் ஒரே படமாக எடுத்து, மூன்று கட்டத்தையும் மூடி ஒட்டிக் கொண்டுவந்தார்கள். மாமா சின்னக்கண்ணுவின் வேலை. பசை தாராளம்.

"யார உடறதுங்க டீச்சர்? எல்லாருந்தான வளத்தோம்."

விடுதியில் திருப்பிவிட்டார்கள். புதுப் படிவத்திலும் அதே மூன்று கட்டம். நாளை வெள்ளி.

4

முடிவு அ: மூன்று பேரை ஒட்டுகிறார்கள், ஆறு பேர் பேச்சை நிறுத்துகிறார்கள். (சண்டை இருக்கிறது. பத்திரிகைகளுக்குப் பிடிக்கும்.)

முடிவு ஆ: சீட்டுக் குலுக்குகிறார்கள். காய்ச்சலில் கிடந்த கோகிலாவைச் செம்மேடு ஆஸ்பத்திரி வரை தூக்கி நடந்த பெரியம்மா கண்ணாத்தாளுக்குச் சீட்டு விழவில்லை. அவர் தன் படத்தை முந்தானையில் சுற்றிக்கொண்டு…

மேலே எழுத முடியவில்லை.

முடிவு இ: கோகிலா போகவில்லை. இதை எழுதியதற்கு என்மேல் எனக்கே கோபம் வந்தது.

5

இன்று மாலை கோகிலா தனியாக வந்தாள். (எனக்கு வேண்டிய காட்சி கடைசியில் கிடைத்தது.) அதே படத்தின் இன்னொரு பிரதியைக் கத்தரித்து ஒன்பது துண்டாக மேசையில் வைத்தாள். எப்படிக் கத்தரித்தும் ஒருவர் தோளில் அடுத்தவர் கை ஒட்டிக்கொண்டே வந்திருந்தது.

"என்னால முடியலீங்க. நீங்களே மூணு பேர ஒட்டிருங்க டீச்சர். நீங்க வெளியாளு, உங்க மேல யாரும் கோவிச்சுக்க மாட்டாங்க."

எட்டு வருடமாக இந்த மலையில் இருக்கிறேன். வலித்தது.

காலை முதல் பஸ்ஸுக்கு வந்துவிடுவாள். பசை திறந்திருக்கிறது. மேசையில் எண்ணினால் பத்துப் படம். பத்தாவது, என் பர்ஸில் இருந்த என் படம். எப்போது எடுத்து வைத்தேனோ, வெட்கமாக இருக்கிறது.

நீங்களும் வெளியாள்தானே, மூன்றை எடுத்துக் கொடுங்கள். என்னுடையதை முதலில் ஒதுக்கிவிடலாம். மற்ற ஒன்பதில்தான் எனக்குக் கை வரவில்லை.