பெரட்டு நேரம்

விசாரணைக்கு இருந்தவர்கள்: கொழும்பிலிருந்து வந்த அதிகாரி கஜேந்திரன், விமானக் கொட்டகைக்குப் பொறுப்பான புவனேந்திரன், வேலைக்குச் சேர்ந்து மூன்று வாரமான ஷம்ரா, தேநீர் கொண்டுவந்த சாக்கில் கதவோரம் நின்றுவிட்ட காவலாளி சின்னராசா.

அப்புத்தளைக்கு மேலே, ஒரு தோட்டத்தை ஒட்டிய அந்தச் சின்ன ஓடுபாதையில் கம்பனிக்கு இரண்டு விமானங்கள். இரண்டின் வாலுக்குள்ளும் செம்மஞ்சள் பெட்டி ஒன்று உண்டு. விமானம் எங்காவது விழுந்தால் 'இங்கே கிடக்கிறேன்' என்று ரேடியோ அலையில் கத்துவது அதன் வேலை. பெட்டரி காலாவதியாகவில்லையா, ஏரியல் வயர் இறுக்கமா என்று பார்த்துவிட்டு, சில நொடிகள் அதைக் கத்தவிட்டும் பார்க்க வேண்டும். ஒவ்வொரு மணியிலும் முதல் ஐந்து நிமிடத்துக்குள் கத்தினால் அது சோதனை. மற்ற நேரத்தில் கத்தினால் விபத்து.

செவ்வாய்க்கிழமை காலை அது கத்தியது ஏழு ஐம்பத்தொன்றுக்கு. மேலே போன விமானம் ஒன்று கேட்டு அறிவித்தது. கொட்டகைத் தொலைபேசி மழையில் செத்துக் கிடந்ததால் யாராலும் விசாரிக்க முடியவில்லை. விழாத விமானத்தைத் தேடி பொலிஸ்காரர்களும் தோட்டத்து ஆட்களும் மூன்று மணி நேரம் மலையில் ஏறி இறங்கினார்கள். அட்டைக்கடிதான் மிச்சம்.

பதிவேட்டில் சோதனை நேரம் ஷம்ராவின் எழுத்தில் எட்டு மணி ஒரு நிமிடம் என்றிருந்தது.

"நேரத்தப் பாக்காம எழுதியிருக்கீங்க, தங்கச்சி," என்றார் கஜேந்திரன். "இது பொய்ப் பதிவு. கையெழுத்து அதிகாரம் போயிரும். பிறகு ஒரு விமானத்தையும் தொட ஏலாது."

"பொய் எழுதல்ல சேர். செவுத்து மணிக்கூட்டப் பாத்துத்தான் எழுதின. ஃபோன் வாசல்ல பொட்டிக்குள்ள. எங்களுக்கு உள்ளுக்குக் கொண்டுவர ஏலாதே."

கஜேந்திரன் சுவரைப் பார்த்தார், தன் மணிக்கட்டைப் பார்த்தார். இரண்டிலும் பத்து இருபது. "சரியாத்தானே ஓடுது?"

புவனேந்திரன் தேநீரைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அவன் வளர்ந்த தோட்டத்தில், காலையில் வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்களத்து மணி பத்து நிமிடம் முந்தி ஓடும். பெயர் கூப்பிடும்போது ஆள் நிற்க வேண்டும். பிந்தினால் அரைப் பேர்தான், அரைநாள் சம்பளம். ஆறு வருடமாகக் கொட்டகை மணிக்கூட்டையும் அவன் அப்படித்தான் வைத்திருந்தான். ஆட்கள் எல்லோரும் தோட்டத்து லயத்தில் பிறந்தவர்கள். பதிவேட்டைத் தொட்டால் கை தானாகப் பத்தைக் கழித்துவிடும். யாரும் யாருக்கும் அதைச் சொல்லிக்கொடுத்ததில்லை. ஷம்ரா பதுளை டவுனில் துணிக்கடைக்காரர் மகள். அவளுக்குச் சொல்ல வேண்டுமென்று அவனுக்குத் தோன்றவேயில்லை.

மறந்தது ஒரு விஷயம். இன்று காலை நாற்காலியில் ஏறி முள்ளைத் திருப்பியது வேறு விஷயம். நாற்காலியைப் பிடித்துக்கொண்டது சின்னராசா.

"தேத்தண்ணி ஆறுதுங்க ஐயா," என்றார் சின்னராசா கதவோரமிருந்து. "வாயத் தொறங்க. நாக்கு வெந்துறாது."

புவனேந்திரன் கோப்பையைத் தள்ளி வைத்தான்.

"புவனேந்திரன் சேர்ட்ட கேளுங்களேன்," என்றாள் ஷம்ரா. "நான் மணி பாக்காம ஒண்டும் செய்றல்ல. அவருக்குத் தெரியும்."

அவள் அதை நம்பித்தான் சொன்னாள். அதைத்தான் அவனால் தாங்க முடியவில்லை.

"அது பெரட்டு நேரம்," என்றான்.

"என்னது?"

"பத்து நிமிஷம் முன்னுக்கு ஓடிச்சுங்க. நான்தான் வச்சிருந்தேன். இந்தப் புள்ளைக்குச் சொல்லல. இன்னைக்குக் காலைல சரியாத் திருப்பி வச்சேன்."

"ஏன் திருப்பினீங்க?"

"பயந்துட்டேங்க."

கஜேந்திரன் பேனாவை மூடினார். மணிக்கூட்டை முந்தி வைத்தது முட்டாள்தனம், திருப்பி வைத்தது குற்றம் என்றார். விசாரணை முடியும்வரை புவனேந்திரன் கொட்டகைக்குள் காலெடுத்து வைக்கக்கூடாது. ஷம்ரா நேரத்தை ஒரே கோட்டால் வெட்டி, சரியான நேரத்தையும் காரணத்தையும் எழுதி, பக்கத்தில் கையெழுத்துப் போட வேண்டும். அவளுடைய அதிகாரம் அவளிடமே இருக்கும்.

புவனேந்திரன் சாவிக்கொத்தை மேசையில் வைத்தான். கஜேந்திரன் அதை ஷம்ராவின் பக்கம் தள்ளினார்.

கதவுவரை அவள் கூட வந்தாள்.

"இவ்வளவு நேரம் சும்மா இருந்தீங்களே சேர்," என்றாள் மெதுவாக.

"ஆமா."

மன்னிப்புக் கேட்க வாயெடுத்தான். கேட்டால் அவள் பரவாயில்லை என்று சொல்ல வேண்டிவரும். அந்தச் சுமையையும் அவள் தலையில் ஏற்ற வேண்டாமென்று வாயை மூடிக்கொண்டான்.

வெளியே பனிமூட்டம் ஓடுபாதையை விழுங்கியிருந்தது.

"கவனமாப் போங்க," என்றாள்.

அவன் படியிறங்கினான். பின்னால் கதவு சாத்தப்பட்டது. பழக்கமில்லாத கையில் சாவி ஒருமுறை தடுமாறி, பிறகு பூட்டியது.