நடுவில் இருந்த தடிப்பு

பிளேஸ்டோவில் என் கராஜைத் திறந்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நானே செய்யும் பனிச்சறுக்குப் பலகைகளின் உள்ளே வைக்கவென்று குளிர்காலம் முழுக்க இழைத்த இரண்டு மரங்களும் நுனிக்கு நுனி தட்டையாகக் கிடந்தன. பக்கத்தில் அக்காவின் கணவர் சவிரிமுத்து சீவுளியோடு சிரித்துக்கொண்டு நின்றார். அவசரத்துக்கென்று அக்காவிடம் கொடுத்த சாவியால் திறந்திருக்கிறார்.

“நடுவிலை வீங்கிக் கிடந்துது, துசியந்தி. ஈரம் இழுத்திட்டுது போல. சமனாச் சீவி விட்டிட்டன்.”

“ஆரைக் கேட்டுச் சீவினீங்கள்?”

“குடும்பத்துக்குள்ளை என்ன கேட்கக் கிடக்கு? நன்றி சொல்லுறதை விட்டிட்டுக் கத்துறாய்.”

ஒரு மரத்தைத் தூக்கி இரண்டு கதிரைகளுக்குக் குறுக்கே வைத்தேன். தன் பாரத்திலேயே வளைந்தது.

“அது வீக்கமில்லை, அத்தான். ஆள் நிக்கிற இடம். நுனி வளையவேணும், நடு தாங்கவேணும் எண்டு பார்த்துப் பார்த்து விட்ட தடிப்பு. இப்ப ஏறி நில்லுங்கோ.”

அத்தான் மரத்தைப் பார்த்தார். பிறகு தன் வயிற்றைப் பார்த்தார்.

“ஏறுங்கோ!”

அவர் கார்ச் சாவியை எடுத்தார். நான் வாசலை மறித்துக் கையை நீட்டினேன்.

“என்ரை சாவியைத் தந்திட்டுப் போங்கோ.”